ஓட்ஸ் வகைகளின் முளைப்பை ஒப்பிடுவது எப்படி: புதிதாக ஆய்வு தொடங்குவோருக்கு

பத்து ஓட்ஸ் வகைகளின் விதையை வரவழைத்து ஈரத்தாளில் வைத்தால், பத்தும் ஒரே வேகத்தில் முளைக்காது. ஒன்று இரண்டாம் நாளே வேர் விடும். இன்னொன்று நான்காம் நாள் வரை அசையாது. உடனே நோட்டில் 'மரபு வேறுபாடு' என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலாவது போன ரபி (குளிர்கால) பருவத்தில் விளைந்த புது விதையாக இருக்கலாம். இரண்டாவது மூன்று வருடம் கோணியில் கிடந்ததாக இருக்கலாம். வேறுபட்டது வகையா, பையா? இந்த ஆய்வில் சிரமமே அதைப் பிரித்தறிவதில்தான் இருக்கிறது. முளைக்க வைப்பதும் ஸ்கேல் வைத்து அளப்பதும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அதனால் விதை சேகரிப்பதைப் பற்றி விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

வேளாண் கல்லூரியில் முதுநிலை ஆய்வுக்கு ஓட்ஸை எடுத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கோதுமை, பார்லி, சிறுதானியம் எதுவானாலும் வழிமுறை பெரும்பாலும் இதேதான்.

முதல் படி: விதையை எங்கிருந்து எடுப்பது

மளிகைக் கடை ஓட்ஸ் முளைக்காது. சிரிக்க வேண்டாம், வருடாவருடம் யாராவது முயன்று பார்க்கிறார்கள். ஓட்ஸ் மணியில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதியை முடக்காவிட்டால் மாவு சீக்கிரமே சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும். அதனால் ஆலையில் உமி நீக்கிய மணியை நீராவியில் சூடாக்கிய பிறகே தட்டையாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் முளைக்கருவும் செத்துவிடும். நமக்கு வேண்டியது உமியோடு கூடிய விதை.

இந்தியாவில் ஓட்ஸ் பெரும்பாலும் தீவனப் பயிர். பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், காஷ்மீர் பக்கம் 'ஜை' என்பார்கள். கென்ட் என்ற பழைய வகையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் தந்த ஜே.எச்.ஓ.-822, ஜே.எச்.ஓ.-851, ஹிசாரின் ஓ.எஸ்.-6, பந்த்நகரின் யூ.பி.ஓ.-212, லூதியானாவின் ஓ.எல்.-9 எல்லாம் ஆய்வுக்கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். டெல்லியில் தேசியத் தாவர மரபு வள மையம் இருக்கிறது. அங்கே துறைத்தலைவர் வழியாகக் கடிதம் எழுதி மரபு வளங்களைக் கேட்கலாம். வெளியான வகைகள் மட்டுமே என்றால் மரபுத் தளம் குறுகிவிடும். நான்கைந்து பழைய நாட்டு ரகங்களையோ வெளிநாட்டு வரிசைகளையோ கலந்துகொள்ளுங்கள்.

வந்த விதையை அப்படியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒரு பருவம் செலவானாலும் எல்லா வகைகளையும் ஒரே வயலில், ஒரே நாளில் விதைத்துப் பெருக்குங்கள். நவம்பரில் விதைத்தால் மார்ச்–ஏப்ரலில் விதை கைக்கு வரும். ஓட்ஸ் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் வகைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்ற பயம் அதிகம் இல்லை. இடையில் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வயலை நான்கு பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா வகைகளையும் குலுக்கல் முறையில் விதையுங்கள். அறுவடையின்போது பிளாக் வாரியாகத் தனித்தனிப் பையில் போடுங்கள். ஆய்வுக்கூடத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு ரெப்ளிகேஷன். அங்கே முதல் ரெப்ளிகேஷனுக்கு முதல் பிளாக்கின் விதை, இரண்டாவதற்கு இரண்டாம் பிளாக்கின் விதை என்று எடுங்கள். பல ஆய்வுகளில் இதைச் செய்வதில்லை. வகைக்கு ஒரே பையை வைத்துக்கொண்டு அதிலிருந்தே நான்கு முறை விதை எடுக்கிறார்கள். அப்போது நான்கும் ஒன்றுபோல வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிழை மாறுபாடு (ஒரே வகையின் ரெப்ளிகேஷன்களுக்கிடையே தற்செயலாக வரும் வேறுபாடு) சிறுத்துப்போய், மரபுவழித் திறன் (காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு) 95% என்று கணக்கு வந்து நிற்கும். அந்த 95%-இல் மரபு எவ்வளவு, அந்த வகை நின்ற பாத்தியில் ஈரமோ தழைச்சத்தோ கூடுதலாக இருந்ததால் வந்தது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. நாற்றுப் பண்புகளுக்கு இப்படி மிக உயர்ந்த மரபுவழித் திறன் போட்ட அட்டவணையைப் பார்த்தால், விதை எங்கிருந்து வந்தது என்று நான் முதலில் தேடிப் படிப்பேன்.

ஒரு பருவம் காத்திருக்க வழியே இல்லையென்றால், குறைந்தபட்சம் எல்லா விதையும் ஒரே அறுவடை ஆண்டு, ஒரே சேமிப்பு முறை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டுரைத் தலைப்பில் 'மரபு வேறுபாடு' என்பதற்குப் பதில் 'விதைத் தொகுதிகளுக்கிடையே வேறுபாடு' என்று போட்டால் நேர்மையாக இருக்கும்.

இரண்டாம் படி: மணியைத் தரம் பிரிப்பது

ஓட்ஸின் சிறுகதிரில் பொதுவாக இரண்டு மணிகள் இருக்கும், சில சமயம் மூன்று. அடியில் இருப்பது முதல் மணி, பெரியது, கனமானது. அதற்கு மேல் இருப்பது இரண்டாம் மணி, சிறியது. ஒரே செடி, ஒரே மரபு. ஆனாலும் இரண்டின் நாற்றும் ஒரே உயரத்துக்கு வராது. பெரிய மணிக்குள் சேமிப்பு அதிகம். ஒரு வகையின் மாதிரியில் முதல் மணிகளும் இன்னொன்றில் இரண்டாம் மணிகளும் அதிகமாகச் சேர்ந்துவிட்டால், நீங்கள் கண்டுபிடித்தது மணியின் இட வேறுபாட்டைத்தான்.

நீள்துளைச் சல்லடையில் சலித்தோ கையால் பொறுக்கியோ முதல் மணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு பைக்கும் ஆயிரம் மணி எடையையும் எடுத்துக் குறித்து வையுங்கள். மணியின் பருமனே மரபுப் பண்பும்தான். சல்லடையால் அதைச் சமப்படுத்தினால் மரபு வேறுபாட்டில் ஒரு பங்கையும் சேர்த்துக் கழிக்கிறீர்கள். உழவருக்கு எந்த வகை நன்றாகக் கிளம்பும் என்பது உங்கள் கேள்வியானால் சலிக்காமல் வையுங்கள். பருமனைத் தாண்டியும் வேறுபாடு உண்டா என்பது கேள்வியானால் சலியுங்கள். எதைச் செய்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.

காட்டு ஓட்ஸ் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடிப்பகுதியில் அடர்ந்த ரோமம், குதிரை லாடம் போன்ற வடு, முறுக்கி வளைந்த மீசை இருந்தால் அது காட்டு ஓட்ஸ். அதன் விதைக்கு உறக்கம் (உயிரோடு இருந்தும் முளைக்காமல் கிடக்கும் நிலை) கடுமையானது. நூறு விதையில் நான்கு கலந்திருந்தாலும் உங்கள் முளைப்பு சதவீதம் காரணமில்லாமல் இறங்கும்.

உமியற்ற ஓட்ஸ் வகையைச் சேர்ப்பதானால் கையால் மட்டுமே கதிரடியுங்கள். இயந்திரத்தில் போட்டால் பாதுகாப்பில்லாத முளைக்கரு அடிபடும். அப்புறம் 'உமியற்ற வகைகளுக்கு முளைப்புத்திறன் குறைவு' என்று ஒரு போலி முடிவு கிடைக்கும்.

மூன்றாம் படி: உறங்குகிறதா, செத்துவிட்டதா

புதிதாக அறுத்த ஓட்ஸ் விதை உயிரோடு இருந்தும் முளைக்காமல் கிடக்கலாம். இந்த உறக்கம் வெப்பத்தோடு பின்னிக் கிடக்கிறது: 10 டிகிரி செல்சியஸில் தாராளமாக முளைக்கும் விதை 30 டிகிரியில் அப்படியே கிடக்கும். உறக்கம் எத்தனை ஆழம், எத்தனை நாளில் தெளியும் என்பது வகைக்கு வகை மாறும். ஆக உறக்கமே ஒரு மரபுப் பண்பு. அதை ஆராயப் போகிறீர்களா, ஒழித்துவிட்டு வேறொன்றை அளக்கப் போகிறீர்களா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஒழிப்பதானால் எளிய வழி காத்திருப்பது. உலர்ந்த இடத்தில் சில மாதங்கள் வைத்திருந்தால் பெரும்பாலான வகைகளில் உறக்கம் தெளிந்துவிடும். ஏப்ரலில் அறுத்து அக்டோபரில் விதைக்கும் உழவருக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது. அவசரமானால் ஈரத்தாளில் வைத்து 5 முதல் 10 டிகிரியில் சில நாட்கள் முன்குளிரூட்டலாம், அல்லது தாளை 0.05% ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் நனைக்கலாம். நாற்றின் நீளத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால் ஜிப்ரெலின் பக்கமே போகாதீர்கள். தண்டை நீட்டுவதே அதன் வேலை.

சோதனை முடிந்த பிறகும் முளைக்காமல் கெட்டியாகக் கிடக்கும் விதைகளை நீளவாக்கில் பிளந்து டெட்ரசோலியம் கரைசலில் போடுங்கள். முளைக்கரு சிவந்தால் உயிர் இருக்கிறது, உறங்குகிறது. நிறமேறாவிட்டால் செத்தது. இந்த ஒரு பத்தியை எழுதியிருக்கும் ஆய்வேட்டுக்கும் எழுதாததற்கும் தேர்வாளர் பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு.

நான்காம் படி: தாளில் வைப்பது

சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதியில் ஓட்ஸுக்கு இப்படி இருக்கிறது: தாள்களுக்கு இடையிலோ மணலிலோ, 20 டிகிரி செல்சியஸ், முதல் எண்ணிக்கை 5-ஆம் நாள், கடைசி எண்ணிக்கை 10-ஆம் நாள். மொத்தம் 400 விதை. பத்து பதினைந்து வகைகளை ஒரே நேரத்தில் கையாளும்போது, ரெப்ளிகேஷனுக்கு 50 விதை வீதம் நான்கு ரெப்ளிகேஷன் என்பது சமாளிக்கக்கூடிய அளவு.

20 டிகிரி என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். சென்னையிலோ மதுரையிலோ மேசை மேல் வைத்துச் செய்தால் அறை வெப்பம் சாதாரணமாக 30-ஐத் தாண்டும். அது ஓட்ஸுக்கு வெப்ப அழுத்தச் சோதனை ஆகிவிடும். பி.ஓ.டி. இன்குபேட்டர் (உள்வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டி) கிடைக்கும் நாளைப் பார்த்துச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

விதையை 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஐந்து நிமிடம் அலசி, காய்ச்சி வடித்த நீரில் நாலைந்து முறை கழுவுங்கள். உமிக்குள் ஒளிந்திருக்கும் பூஞ்சை இதற்கு முழுவதும் சாகாது, ஆனாலும் கட்டுப்படும். முளைப்புத்தாளை நனைத்து, சொட்டுவது நிற்கும் வரை பிடித்திருந்து, இரண்டு தாள் விரித்து, மேல் ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி விதைகளை வரிசையாக வையுங்கள். முளைக்கரு இருக்கும் அடிமுனை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். மேலே ஒரு தாள் மூடிச் சுருட்டி நேராக நிறுத்துங்கள். வகையின் பெயரைச் சுருளில் எழுத வேண்டாம். எண் மட்டும் போடுங்கள், எந்த எண் எந்த வகை என்பது தனி நோட்டில் இருக்கட்டும். பிடித்த வகைக்குக் கண் தானாகவே இரண்டு மில்லிமீட்டர் கூட்டிக் கொடுக்கும்.

இன்குபேட்டரின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. ஒரு தட்டுக்கு ஒரு ரெப்ளிகேஷனை முழுமையாக வைத்தால் அந்த வேறுபாடு ரெப்ளிகேஷனோடு போய்விடும், வகையில் ஒட்டாது.

ஐந்தாம் படி: எண்ணுவதும் அளப்பதும்

தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால் முளைத்தது என்று வைத்துக்கொள்வது வழக்கம். விதைச் சான்றுக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களுக்கு வேரும் குருத்தும் ஒழுங்காக உள்ள நாற்றுதான் கணக்கு, சான்று விதைக்கு அது 85% இருக்க வேண்டும். இரண்டையும் எடுத்து வைப்பது நல்லது.

வெறும் சதவீதம் வகைகளைப் பிரித்துக் காட்டாது. நல்ல விதையானால் எல்லாமே 90-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வேகம்தான் பேசும். உதாரணத்துக்கு 50 விதையில் ஒரு வகை இரண்டாம் நாள் 10, மூன்றாம் நாள் 25, நான்காம் நாள் 10 என்று முளைக்கிறது. நாளையும் எண்ணிக்கையையும் பெருக்கிக் கூட்டினால் 20 + 75 + 40 = 135. முளைத்த 45-ஆல் வகுத்தால் சராசரி முளைப்புக் காலம் 3 நாள். இன்னொரு வகையில் அதே எண்ணிக்கைகள் ஒருநாள் தள்ளி வந்தால் 180-ஐ 45-ஆல் வகுக்க 4 நாள். இரண்டுக்கும் முளைப்பு 90%தான். வயலில் மேல்மண் காய்வதற்குள் வேர் இறங்க வேண்டிய சூழலில் அந்த ஒரு நாள் பெரிது.

பத்தாம் நாள் ஒவ்வொரு சுருளிலிருந்தும் பத்து நாற்றுகளைத் தேர்ந்தெடுக்காமல், கைக்கு வந்தபடி எடுங்கள். குருத்து நீளம், மிக நீண்ட வேரின் நீளம், வேர்களின் எண்ணிக்கை, பிறகு மீதி விதையை நீக்கிவிட்டு 80 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்திய எடை. ஒரு சுருளில் பத்து நாற்று அளந்ததால் பத்து ரெப்ளிகேஷன் ஆகிவிடாது. பத்தின் சராசரி ஓர் எண். அதுதான் கணக்குக்குப் போகும்.

வீரியக் குறியீடு என்று ஒன்று எல்லா ஆய்வேட்டிலும் இருக்கும்: முளைப்பு சதவீதத்தை நாற்றின் மொத்த நீளத்தால் பெருக்குவது. அப்துல்-பாக்கியும் ஆண்டர்சனும் 1973-இல் சோயாவுக்கு முன்வைத்தது. போட்டுக்கொள்ளுங்கள், கேட்பார்கள். ஆனால் குறைவாக முளைத்து நீளமாக வளர்ந்ததும், நிறைய முளைத்துக் குட்டையாக இருப்பதும் ஒரே எண்ணைத் தரலாம். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பில்லை.

விதைக்கும் குருத்து உறைக்கும் நடுவே உள்ள மீசோகோட்டைல் என்ற இணைப்புத் தண்டு தனி அக்கறைக்கு உரியது. ஆழத்தில் விழுந்த ஓட்ஸ் விதை மேலே வருவதற்கு நீள்வது இதுதான். ஆனால் ஒளிபட்டால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். மிக மங்கலான சிவப்பு ஒளியே போதும். எனவே இதை அளப்பதானால் முழு இருட்டில் வையுங்கள், கடைசி நாள்வரை சுருளைப் பிரிக்காதீர்கள். தினசரி எண்ணிக்கைக்குத் தனி சுருள்கள் வேண்டும்.

ஓட்ஸ் குருத்து உறைக்குத் தாவரவியலில் ஒரு பெரிய பெயரும் உண்டு. 1920-களில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஃப்ரிட்ஸ் வென்ட், நுனி வெட்டிய ஓட்ஸ் குருத்துறையின் மேல் அகார் துண்டை ஒருபக்கமாக வைத்து, அது வளையும் கோணத்தை வைத்தே ஆக்சின் ஹார்மோனின் அளவைக் கணக்கிட்டார். அங்கே பயன்பட்டது ஸ்வீடனின் ஸ்வாலோஃபில் உருவான 'விக்டரி' என்ற ஒரே வகை. வகைகளைக் கலந்திருந்தால் கோணங்கள் ஹார்மோனைக் காட்டாமல் மரபைக் காட்டியிருக்கும். அவர்கள் விலக்கி வைத்ததைத்தான் நாம் அளக்கப் புறப்பட்டிருக்கிறோம்.

ஆறாம் படி: மரபின் பங்கைக் கணக்கிடுவது

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். அனோவா (மாறுபாட்டுப் பகுப்பாய்வு) அட்டவணையை அதுவே போட்டுத்தரும். அதிலிருந்து இரண்டு எண்கள் போதும்: வகைகளுக்கான சராசரி வர்க்கம், பிழைக்கான சராசரி வர்க்கம். கற்பனையாக ஒரு கணக்கு: பத்து வகை, நான்கு ரெப்ளிகேஷன், குருத்து நீளத்தின் பொதுச் சராசரி 12 செ.மீ., வகைகளின் சராசரி வர்க்கம் 9.2, பிழையினது 1.2.

மரபு மாறுபாடு என்பது 9.2-இலிருந்து 1.2-ஐக் கழித்து 4-ஆல் வகுப்பது: 2.0. அதனோடு பிழையைக் கூட்டினால் புறத்தோற்ற மாறுபாடு 3.2. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மரபுவழித் திறன் 62.5%. மரபு மாறுபாட்டின் வர்க்கமூலத்தைச் சராசரியால் வகுத்தால் மரபு மாறுபாட்டுக் கெழு 11.8%. புறத்தோற்றக் கெழு இதே வழியில் 14.9%. மரபுக் கெழு 10-க்குக் கீழ் குறைவு, 10 முதல் 20 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்ற பகுப்பை இந்திய ஆய்வேடுகள் எல்லாம் பின்பற்றுகின்றன. சிவசுப்பிரமணியனும் மாதவமேனனும் 1973-இல் நெல் பற்றி எழுதிய கட்டுரையைத்தான் அதற்குக் காட்டுவார்கள். சிறந்த 5% வகைகளைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் மரபு முன்னேற்றம்: 2.06-ஐயும் (5% தேர்வுக்கான மாறிலி) 3.2-இன் வர்க்கமூலத்தையும் 0.625-ஐயும் பெருக்கினால் சுமார் 2.3 செ.மீ., அதாவது சராசரியில் 19%.

ஒரு எச்சரிக்கை. பிழையை 4-ஆல் வகுத்துவிட்டுக் கூட்டினால் வகுக்கும் எண் 2.3 ஆகி, அதே தரவிலிருந்து மரபுவழித் திறன் 87% வரும். இரண்டுமே சரியான கணக்குதான்: முன்னது ஒரு சுருளுக்கு, பின்னது நான்கு சுருளின் சராசரிக்கு. எதை எடுத்தீர்கள் என்று சொல்லாமல் பிறர் எண்ணோடு ஒப்பிட்டால் அர்த்தமில்லை. இன்னொன்று, இது அகன்ற பொருளிலான மரபுவழித் திறன். இதில் எவ்வளவு சந்ததிக்குக் கூட்டுமுறையில் கடத்தப்படும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குக் கலப்புச் செய்து பார்க்க வேண்டும். ஓட்ஸ் மூன்று மரபுத்தொகுதிகள் சேர்ந்த ஆறுமடியப் பயிர், 42 குரோமோசோம். ஒரே பண்பைப் பல ஜோடி மரபணுக்கள் பங்கிட்டுக்கொள்வதால் இங்கே ஒற்றை மரபணுவைத் தேடிப் பிடிப்பது எளிதில்லை. ஸ்வீடனின் 'சாங்' வகையின் முழு மரபுத்தொகுதி 2022-இல் வெளியான பிறகு அந்த வேலை முன்பைவிடச் சுலபமாகியிருக்கிறது.

முளைப்பு சதவீதத்தை மட்டும் அப்படியே அனோவாவில் போடாதீர்கள். 95-ஐச் சுற்றி மாறுபாடு சுருங்கும், 60-ஐச் சுற்றி விரியும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய ஆர்க்சைன் மாற்றம் செய்யுங்கள். இன்னும் நல்லது, ஈருறுப்புப் பரவலுக்கான (முளைத்தது, முளைக்கவில்லை என்ற இரண்டே விளைவுக்கான) மாதிரியைப் பொருத்துவது.

ஏழாம் படி: கடினமான சூழலிலும் மண்ணிலும்

20 டிகிரியில், தூய நீரில் முதலிடம் பிடித்த வகை வயலிலும் முதலிடம் பிடிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கூடுதலாக ஒரு கடினச் சூழலையாவது சேருங்கள். உப்புக்கு லிட்டருக்கு 5.85 கிராம் சோடியம் குளோரைடு கரைத்தால் 100 மில்லிமோலார். வறட்சிக்கு லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பாலிஎத்திலீன் கிளைகோல்-6000. அல்லது வெறுமனே 10, 20, 30 டிகிரி மூன்றிலும் வையுங்கள். செலவு குறைவு, ஓட்ஸில் தெரியவரும் செய்தி அதிகம். இதில் பார்க்க வேண்டியது வகைகளின் வரிசை மாறுகிறதா என்பது. சராசரி எவ்வளவு இறங்கியது என்பது அதற்கு அடுத்துத்தான்.

கடைசியாகத் தொட்டியில் மணல் நிரப்பி, 3 செ.மீ. ஆழத்திலும் 9 செ.மீ. ஆழத்திலும் விதையுங்கள். தலைகாட்டிய நாற்றுகளைப் பதினைந்து நாள் எண்ணி, தாளில் அளந்த மீசோகோட்டைல், குருத்துறை நீளங்களோடு ஒப்பிடுங்கள். தாளில் நீண்டவை ஆழத்திலிருந்தும் வந்தால் உங்கள் ஆய்வுக்கூட அளவீடு வயலுக்குப் பயன்படும் என்று எழுதலாம். வராவிட்டால் அதையும் அட்டவணையோடு எழுதுங்கள். ஒவ்வொரு பையிலும் மிஞ்சிய விதையைக் காற்றுப்புகாத உறையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பையின் மேல் பிளாக் எண்ணையும் அறுவடைத் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் கரைந்துவிடும்.